ஆறிப்போன மீன் குழம்பு

அத்தியாயம் 17

"ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"கோச்சுக்க மாட்டியே?"

"கேக்குறதுக்கு முன்னாடியே கோவம் வர வெச்சுடுவ போல. கேளு ரேகா."

"கல்யாணத்துக்கு அப்புறம் உங்கம்மா எங்க வீட்டுக்கு வருவாங்களா? வந்து... ஒரு வேளை சாப்பிடுவாங்களா?"

கடலூர் சில்வர் பீச்சில் அன்றைக்குக் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. இளவரசு பாதி கடித்த சோளக்கதிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வருவாங்க. எங்கம்மா நல்லவங்க. ஆனா நீயா போய்க் கேக்காத. கேட்டா அவுங்களுக்குச் சங்கடமாயிடும். கொஞ்ச நாள் குடு. தானா வருவாங்க."

"கொஞ்ச நாள்னா?"

"கொஞ்ச நாள்தான்."

"சரி. கேக்கல."

அந்தக் கொஞ்ச நாள் முடியாமலே ஒன்பது வருடம் ஓடிவிட்டது. பதிவுத் திருமணம், மஞ்சக்குப்பத்தில் வாடகை வீடு, மகள், மகளுக்குப் பள்ளிக்கூடம் என்று எல்லாம் வந்தது. மாமியார் சந்திரலேகா மட்டும் குடிகாட்டில் இருக்கும் ரேகாவின் அம்மா வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

ரேகாவும் கேட்கவில்லை.

கெட்ட மாமியார் என்றால் ரேகாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். வேறு சாதிப் பெண் என்று சொந்தக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, முதல் ஆளாக வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் சந்திரலேகா. கல்லூரிப் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கடலூருக்கு வந்தால் ரேகா வைத்த காரக் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். ரேகாவின் அம்மா ஜெயராணி தைத்த ஜாக்கெட்டைத்தான் போடுவார். "உங்கம்மா தச்சாதான் கை சரியா உக்காருது" என்பார். ஆனால் குடிகாட்டில் சாப்பாடு என்று பேச்சு வந்தால் ஒருமுறை சர்க்கரை, ஒருமுறை விரதம், ஒருமுறை, "அந்தப் பக்கத்துத் தண்ணி எனக்கு ஒத்துக்காதும்மா."

இதெல்லாம் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் புதிது.

ரேகா நடத்தும் 'கூடவே' அமைப்பில், ஒன்பதாம் வகுப்பிலிருந்து முதல் வேலை கிடைக்கும்வரை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அக்காவோ அண்ணனோ துணை இருப்பார்கள். எல்லாரும் ஏதாவது ஒரு வேலையில் இருப்பவர்கள். நெல்லிக்குப்பத்திலிருந்தும் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்தும்கூட வருகிறார்கள். அதிகம் விதிகள் கிடையாது. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய், அங்கே என்ன சமைத்திருக்கிறார்களோ அதை உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அடுத்த மாதம் பிள்ளை இவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும். கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுக்க உற்சாகமாக வந்தவர்களில் பலர், இந்தச் சாப்பாட்டுப் பேச்சைக் கேட்டதும், "வேலை ஜாஸ்திங்க" என்று கிளம்பிப் போயிருக்கிறார்கள். மிஞ்சியவர்கள்தான் 'கூடவே'.

அந்த மிஞ்சியவர்களும் இப்போது குறைந்துகொண்டே வந்தார்கள். சிலருக்குக் கல்யாணம், சிலருக்குச் சென்னையில் வேலை. துணை இல்லாமல் காத்திருக்கும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அதனால்தான் சிதம்பரத்தில் சந்திரலேகா செயலாளராக இருக்கும் நல்லூற்று அறக்கட்டளையோடு 'கூடவே'யைச் சேர்த்துவிடலாம் என்று பேச்சு வந்தது. பள்ளி, நர்சிங் கல்லூரி, விடுதி என்று பெரிய அறக்கட்டளை. புதிதாக நிறையத் துணைகள் கிடைப்பார்கள். பிள்ளைகளுக்குக் கல்லூரியில் இடமும் உண்டு.

சேருவதற்கு முன்னால் ஒரு வெள்ளோட்டமாக, போன ஞாயிறு அறக்கட்டளை ஆட்கள் வேனில் குடிகாட்டுக்கு வந்தார்கள். சந்திரலேகாவே கூட வந்தார். வேனின் பின்பக்கத்தில் பெரிய அட்டைப்பெட்டிகள். உள்ளே சாம்பார் சாதப் பொட்டலங்கள்.

"அவுங்களுக்கு எதுக்கும்மா வீண் செலவு? நம்மாளுங்களுக்கு நாமளே கொண்டாந்துட்டோம். அந்தந்த வீட்டுக்கும் ஒண்ணு குடுத்துடலாம்" என்று சிரித்த முகமாகச் சொன்னார் சந்திரலேகா. நல்லது செய்ததாகவே நினைத்தார்.

காலையிலிருந்து சமைத்து வைத்துக் காத்திருந்த வீடுகளில், வந்தவர்கள் உட்கார்ந்து தங்கள் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்கள்.

இன்று வியாழக்கிழமை. மாலை மூன்று மணிக்குச் சிதம்பரத்தில் இணைப்புக் கையெழுத்து.

*

மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வந்த ரேகா, துவைத்த துணியையே மறுபடி அலசிக்கொண்டிருந்தாள். இளவரசு பேன்ட்டும் சட்டையுமாக வந்து நின்றான். சிப்காட்டில் ஒரு மருந்துக் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. இன்று லீவு போட்டிருந்தான்.

"நான் முன்னாடியே பைக்ல போறேன். மீட்டிங்குக்கு முன்னாடி அம்மாகிட்ட பேசிடுறேன்."

"எத?"

"அதான். சாப்பாட்டு விஷயத்த."

"எந்தச் சாப்பாட்டு விஷயம்? கூடவே சாப்பாடா, எங்கம்மா வீட்டுச் சாப்பாடா?"

இளவரசு ஹெல்மெட்டின் பட்டையை மாட்டிக் கழற்றினான். "ரெண்டும்தான்."

"இளா, இதே ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு போன பொங்கலுக்கும் இதேதான் சொன்ன."

"இந்தத் தடவ கண்டிப்பா."

"பாத்துப் போ" என்றாள். அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

பைக் தெருமுனை திரும்புவதற்குள் போன் அடித்தது. அருள்முருகன். 'கூடவே'யின் முதல் மாணவன். இப்போது டயர் ஷோரூம் ஒன்றில் கணக்கு எழுதுகிறான், இரண்டு பையன்களுக்கு அண்ணனாகவும் இருக்கிறான்.

"அக்கா, அனுப்பிரியா வர மாட்டாளாம்."

"எங்க?"

"எங்கயும்தான். நர்சிங் சீட்டும் வேணாமாம், கூடவேயும் வேணாமாம். அவுங்கம்மா புஷ்பவள்ளி தெருவுல நின்னு சொல்லுது. 'எங்க வீட்டுப் பாய்ல உக்காந்துக்கிட்டு வெளியூர்ப் பொட்டலத்தப் பிரிக்கிறவங்க எம் பொண்ணுக்கு இன்னா வழி காட்டப் போறாங்க'ங்குது. நான் இன்னா பதில் சொல்றது?"

அனுப்பிரியா பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண். நர்சிங் தவிர வேறு எதுவும் பேசாத பெண்.

"அப்புறம் இன்னொண்ணு கேள்விப்பட்டேன். எங்களுக்கெல்லாம் டீ ஷர்ட் குடுக்குறாங்களாமே? முதுகுல 'வழிகாட்டி'ன்னு போட்டு?"

"ஆமா, பேசிக்கிட்டாங்க."

"நல்லாருக்குக்கா. பைபாஸ்ல நின்னா சிதம்பரம் இந்தப் பக்கம்னு கை காட்டலாம்."

சிரிப்பு வந்தது ரேகாவுக்கு.

"அக்கா, நெசமா கேக்குறேன். இன்னிக்குக் கையெழுத்துப் போடப் போறியா?"

"போடலன்னா காத்துக்கிட்டு இருக்குற புள்ளைங்களுக்கு யாரு? அனுப்பிரியா மாதிரி அடுத்த வருஷம் வர்றவளுக்கு யாரு?"

"போட்டா?"

"தெரியலடா."

*

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வீட்டில் உட்கார முடியவில்லை. முதுநகர் ரயில்வே கேட்டில் நின்றபோது, ஹாரன் அடித்துப் பயனில்லை என்று தெரிந்தும் இரண்டு தடவை அடித்தாள். முன்னால் நின்ற மீன்காரப் பெண் திரும்பிப் பார்த்து, "ரயில நீ தள்ளினு வரப்போறியா?" என்றாள்.

குடிகாட்டில் அம்மா வீட்டு வாசலிலேயே தையல் மெஷின் சத்தம் கேட்டது. ஜெயராணி தலை நிமிரவில்லை.

"கரெக்டா வந்துட்ட. கை ஓரமும் ஊக்கும்தான் பாக்கி. சிதம்பரம் போறேல்ல, கையோட எடுத்துட்டுப் போ."

மெஷினில் இருந்தது சந்திரலேகாவின் மெரூன் ஜாக்கெட். பக்கத்தில் அளவு ஜாக்கெட். வருடக்கணக்காக அந்த அளவு ஜாக்கெட்தான் சிதம்பரத்திலிருந்து வந்து குடிகாட்டில் இருக்கிறது. அதன் சொந்தக்காரர் வருவதில்லை.

"அம்மா, ஞாயித்துக்கிழமை விஷயமா..."

"டீ போடட்டா?"

"வேணாம். அத்தைக்குன்னு வெச்ச மீன் குழம்ப என்ன பண்ண?"

"என்ன பண்ணுவாங்க? சாப்பிட்டேன். மறுநாளும் சாப்பிட்டேன். சங்கரா மறுநாள்தான் ருசி." மெஷின் ஓடியது. "தண்ணி ஒத்துக்காதுன்னு சொல்லுவாங்களேன்னு கேன் தண்ணி வாங்கி அதுலதான் ஒல வெச்சேன். புளி கரைச்சதும் அதுலதான். கோயில்ல பூசை முடிஞ்ச கையோட ஓடியாந்தேன்."

ரேகா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எழுந்தாள். ஜன்னல் பக்கம் போனாள். மறுபடி வந்தாள்.

"உக்காருடி. நீ நடக்குறத பாத்தா எனக்குத் தையல் கோணுது."

"எனக்கு ஆத்திரமா வருதும்மா. இத்தன வருஷம் கழிச்சு உன் வாசப்படி வரைக்கும் வந்துட்டு, கையில பொட்டலத்தோட..."

"அவுங்க மேல எனக்கு வருத்தம் இல்ல."

"எப்படிம்மா இல்லாம இருக்கும்?"

மெஷின் நின்றது. ஜெயராணி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னிக்கு வாசல்ல வந்து நின்னாங்க. 'வாங்க சம்பந்தியம்மா'ன்னேன். உள்ள வந்தாங்க, சேர்ல உக்காந்தாங்க. அடுப்புல கொழம்பு கொதிக்குது. சாப்பிடுங்கன்னு சொல்ல எனக்கு நாக்கு வரல. மாட்டேன்னுட்டா அதுக்கப்புறம் எப்படி மூஞ்சில முழிக்கிறது? சரி, எம் பொண்ணு பக்கத்துல நிக்கிறா, அவ சொல்லுவான்னு பாத்தேன். நீ என்ன பண்ண?"

ரேகா தன் கைப்பையைப் பார்த்தாள்.

"உம் பைலேருந்து தண்ணி பாட்டில எடுத்து மூடியத் தொறந்து அவுங்ககிட்ட குடுத்த."

தெருவில் ஒரு லாரி போனது. வீட்டின் தகரக் கதவு அதிர்ந்து அடங்கியது.

"அவுங்களுக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுன்னுதான்ம்மா..."

"தெரியும். அவுங்களுக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுன்னு நீ இருக்க. உனக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுன்னு மாப்ள இருக்காரு. உங்களுக்கெல்லாம் சங்கடமா இருக்கக் கூடாதுன்னு நான் கம்முனு இருக்கேன்." ஜெயராணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அவுங்க வரலங்கறது இல்ல என் வருத்தம். நீ ஒரு தடவ கூட கூப்பிடலங்கறதுதான். ஊர்ல இருக்குறவங்கள எல்லாம் எங்க புள்ளைங்க வீட்ல சாப்பிடுவியா சாப்பிடுவியான்னு கேக்குற. இதுக்குன்னு ஒரு சங்கமே வெச்சு நடத்துற. கேக்க வேண்டிய ஒரு ஆள மட்டும் விட்டுட்ட."

ரேகாவுக்குக் கண் எரிந்தது. அந்தச் சாப்பாட்டு விதி யாருக்காகப் பிறந்தது என்று அவள் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. அம்மா அதை ஊக்குத் தைத்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

ஜெயராணி ஜாக்கெட்டை மடித்துக் கவரில் போட்டார். கவரோடு அளவு ஜாக்கெட்டையும் நீட்டினார்.

"அத ஏன் குடுக்குற? எப்பவும் இங்கதான இருக்கும்?"

"பழசாயிடுச்சு. அக்குள்ல கிழிஞ்சிருக்கு. இனிமே இத வெச்சுத் தைக்க முடியாது. ஆளு நேர்ல வந்தாதான் அளவுன்னு சொல்லிடு."

சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்து மெஷினில் வைத்தார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

*

அதே நேரத்தில் சிதம்பரம் வடக்கு வீதி வீட்டில் இளவரசுவின் தட்டில் நாலாவது இட்லி விழுந்தது.

"போதும்மா."

"பேசாம சாப்பிடு. இளைச்சுட்ட." சந்திரலேகா கத்திரிக்காய் கொத்சுவை இட்லி மறையும்படி ஊற்றினார். "ஏதோ சொல்லணும்னு வந்த?"

இளவரசு வாயில் இருந்ததை விழுங்கினான். இதுதான் சமயம். பைக்கில் வரும்போது வாய்விட்டே சொல்லிப் பார்த்திருந்தான். புதுச்சத்திரம் தாண்டி, வயல்களுக்கு நடுவில், யாரும் இல்லாத இடத்தில். அங்கே நன்றாகத்தான் வந்தது.

"அது வந்தும்மா... ஞாயித்துக்கிழமை குடிகாட்டுக்குப் போனீங்கல்ல."

"ஆமா. எவ்ளோ மரியாதையா நடத்துனாங்க தெரியுமா? ஜெயராணியம்மாதான் ஒரு மாதிரியா இருந்தாங்க. உடம்புக்கு முடியலையா?"

"இல்ல, நல்லாதான் இருக்காங்க."

"பின்ன?"

இளவரசு அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அப்பா போன பிறகு இவனைத் தனி ஆளாகப் படிக்க வைத்த முகம். சொந்தங்களை எதிர்த்துக்கொண்டு இவன் கல்யாணத்துக்குக் கையெழுத்துப் போட்ட முகம். இந்த முகத்தைப் பார்த்து, நீங்களும் மற்றவர்கள் மாதிரிதான் என்று எப்படிச் சொல்வது?

"ஒண்ணுமில்லம்மா. கொத்சு நல்லாருக்கு."

சந்திரலேகா சிரித்தார். அவன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறை வரை போனவர், அங்கே நின்றார். திரும்பாமலே பேசினார்.

"அன்னிக்கு அவுங்க வீட்ல மீன் குழம்பு வெச்சிருந்தாங்க போல. நல்ல வாசனைடா."

"கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கலாமேம்மா."

சொல்லிவிட்டான்! தற்செயலாக வாயிலிருந்து விழுந்துவிட்டது.

குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. தட்டைக் கழுவும் சத்தம் தேவைக்கு மேல் நீண்டது.

"அவுங்க சாப்பிடச் சொல்லலியேடா" என்றார் சந்திரலேகா. குரலில் என்ன இருந்தது என்று அவனுக்குப் புரியவில்லை. கோபமா, குறையா, தப்பித்துக்கொண்ட நிம்மதியா?

*

கீழ வீதியில் அறக்கட்டளை அலுவலகம் மாடியில் இருந்தது. ஸ்கூட்டரை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே வந்த ரேகா, படியேறும்போது கவரை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். படியில் காத்திருந்த இளவரசு கண்ணாலேயே ஏதோ சொல்ல முயன்றான்.

"சொல்லலல்ல?"

"பாதி சொன்னேன்."

"எந்தப் பாதி?"

"மீன் குழம்பு வரைக்கும் வந்துட்டேன்."

"பரவால்ல. இந்த வருஷம் முன்னேற்றம்தான்." அவன் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த கொத்சுக் கறையைத் துடைத்துவிட்டாள். எத்தனை கோபத்திலும் அந்தக் கை தானாகப் போய்விடுகிறது.

உள்ளே நீள மேஜை. அதன் தலைப்பக்கத்தில் சந்திரலேகா. இங்கே அவர் அத்தை இல்லை, மேடம். நிர்வாக அலுவலர் சுப்பிரமணியன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஆரம்பித்தார்.

"எல்லாம் பேசி முடிச்சதுதான். ஒரே ஒரு பாயின்ட்தான் நிக்குது. இந்த வீட்டுச் சாப்பாடு. அத மட்டும் எடுத்துட்டா இப்பவே கையெழுத்துப் போட்டுடலாம்."

"அத எடுக்க முடியாது சார்" என்றாள் ரேகா.

"அம்மா, கோவப்படாம கேளுங்க. பெரிய ஸ்தாபனம். ஒருத்தருக்கு ஃபுட் பாய்சன் ஆச்சுன்னா யார் பொறுப்பு? அப்புறம் பொம்பளப் புள்ளைங்க இருக்குற வீட்டுக்கு வெளியாள் தனியா போறது. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா?"

"ரெண்டாவது சொன்னது சரி. நாங்களும் யோசிச்சோம். இனிமே தனியா யாரும் போக வேணாம், ரெண்டு பேராப் போகட்டும். பெத்தவங்க இருக்குற நேரத்துல மட்டும் போகட்டும். ஆனா போகணும். போய்ச் சாப்பிடணும்."

"சாப்பிடாம பேசினா பேச்சு ஏறாதா?"

"ஏறாது சார்."

சுப்பிரமணியன் சந்திரலேகாவைப் பார்த்தார். சந்திரலேகா கையை உயர்த்தினார்.

"ரேகா, நான் ஒரு வழி யோசிச்சிருக்கேன். சாப்பாட்ட விட வேணாம். மாசாமாசம் நம்ம மண்டபத்துல பெரிய சமபந்தி விருந்து வெச்சிடுவோம். நம்மாளுங்க, புள்ளைங்க, பெத்தவங்க, எல்லாரும் ஒரே வரிசைல உக்காந்து சாப்பிடலாம். நானும் உக்காருவேன். வடை பாயசத்தோட. எப்படி?"

சுப்பிரமணியன் முகம் மலர்ந்தது. "அருமை மேடம்!"

இளவரசுகூட ஒரு நொடி நிம்மதியாக மூச்சு விட்டான். ரேகா மட்டும் அசையவில்லை. அழகான யோசனை. குற்றம் சொல்லவே முடியாத யோசனை. புஷ்பவள்ளி தலைவாரி, நல்ல புடவை கட்டி, பஸ் ஏறிச் சிதம்பரம் வருவாள். ஜெயராணியும் வருவார். வரிசையில் உட்கார்ந்து பாயசம் குடிப்பார்கள். குடிகாட்டில் உலை அப்படியே இருக்கும்.

"எங்க ஆளுங்க மண்டபத்துக்கு வருவாங்க மேடம்" என்றாள். "எப்பவும் அவுங்கதான் வந்துக்கிட்டு இருக்காங்க. இங்கேருந்து யாரும்..." தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமல் வைத்தாள்.

"இதப் பாரும்மா." சந்திரலேகாவின் குரலில் முதல்முறையாகப் பொறுமை தேய்ந்திருந்தது. "அந்தப் பொண்ணு அனுப்பிரியா சீட்டே வேணாங்குதாமே. காதுக்கு வந்துச்சு. ஒரு வேளை சோத்துக்காக ஒரு புள்ளையோட படிப்பு நிக்கலாமா? நான் எல்லாத்துக்கும் இறங்கி வர்றேன். இந்த ஒண்ணுல மட்டும் நீ ஏன் இப்படிப் புடிவாதம் புடிக்கிற? இதுல என்னதான் இருக்கு? எனக்குப் புரியிற மாதிரி சொல்லு. கேக்குறேன்."

கேக்குறேன் என்று சொல்லிவிட்டு உண்மையாகவே கேட்பதற்காகக் கைகளை மேஜைமேல் கோத்துக்கொண்டார். ஜெயராணி தைத்த நீல ஜாக்கெட்டின் கை, முழங்கைக்கு மேலே கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

மேஜைக்கு அடியில் இளவரசுவின் கை ரேகாவின் கையைத் தேடிப் பிடித்தது. "அம்மா, நான் சொல்றேன்..." என்று ஆரம்பித்தான். இந்த முறை அவன் நிறுத்துவதாக இல்லை. "இது கூடவே விஷயம் மட்டும் இல்ல..."

"இரு இளா." ரேகா அவன் கையை அழுத்திவிட்டு விட்டாள். "நீ கேட்ட கொஞ்ச நாள் முடிஞ்சிடுச்சு. நான் பேசுறேன்."

சந்திரலேகா மகனைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார்.

ரேகா கவரைத் திறந்து மெரூன் ஜாக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதன்மேல் நைந்துபோன அளவு ஜாக்கெட்டை வைத்து, இரண்டையும் அவர் பக்கம் நகர்த்தினாள். சுப்பிரமணியன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, இது எந்தத் தீர்மானத்தில் வருகிறது என்று தெரியாமல் விழித்தார்.

"எங்கம்மா குடுத்தாங்க. இது பழசாயிடுச்சாம். இனிமே இத வெச்சுத் தைக்க முடியாதாம்."

"சரி... வேற ஒண்ணு குடுத்து விடுறேன்" என்றார் சந்திரலேகா மெதுவாக.

"வேணாம் அத்தே."

இந்த அறையில் அவள் அவரை அப்படி அழைத்ததே இல்லை. சந்திரலேகாவின் கோத்த கைகள் பிரிந்தன.

"ஞாயித்துக்கிழமை உங்களுக்குத் தண்ணி பாட்டில் எடுத்துக் குடுத்தேன். நான் குடுத்திருக்கக் கூடாது. அடுப்புல உங்களுக்காகக் குழம்பு கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. கேன் தண்ணில வெச்ச குழம்பு. அம்மாவுக்குக் கூப்பிட வாய் வரல. எனக்குக் கல்யாணம் ஆன நாள்லேருந்தே வரல. அதான் உங்களத் தவிர மத்த எல்லாரையும் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

பேச்சு நின்றுவிடுமோ என்று பயந்து மூச்சுகூட வாங்காமல் சொன்னாள். மாட்டேன் என்று ஒரு சொல் வந்தால் 'கூடவே' போகும். இந்த நல்ல மாமியாரும் போவார். அதோடு இளவரசுவின் முகத்தை இனி எப்படிப் பார்ப்பது என்பதும் தெரியாது. எல்லாம் தெரிந்துதான் நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தாள்.

"அத்தே, வர்ற ஞாயித்துக்கிழமை எங்கம்மா வீட்டுக்கு வாங்க. பொட்டலம் வேணாம், பாட்டில் வேணாம். சும்மா வாங்க. எங்கம்மா சமைச்சு வெப்பாங்க. உக்காந்து ஒரு வேளை சாப்பிடுங்க."